பதினோராம் பாகத்தில் அம்மா

நெட்டைத் தொடரில் ஓரம் என்று ஒன்று கிடையாது. இதை என் அம்மாவுக்குப் புரியவைக்க மூன்று வருடம் முயன்று தோற்றேன். போனை நிமிர்த்திப் பிடித்தால் என்ன அகலமோ அதுதான் எங்களுக்கு மேடை. ஒரு முகம் கொள்ளும். இரண்டாவது முகம் வேண்டுமென்றால் ஒருத்தி இன்னொருத்தியின் தலைமுடியைப் பிடித்துக் கிட்டே இழுத்துவர வேண்டும். எங்கள் தொடர்களில் இவ்வளவு முடி இழுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"சும்மா ஒரு ஓரமா என்னை நிக்க வையேன்டி," என்பாள் அம்மா. "வேலைக்காரியா, காய் விக்கிறவளா. நான் என்ன வசனமா கேக்கறேன்?"

"ஓரமே கிடையாதும்மா."

"உனக்கு மனசு கிடையாதுன்னு சொல்லு."

என் பெயர் லிங்யு. ஜெங்ஜோவ் நகரில் நெட்டைத் தொடர்களுக்குச் சாமான் பொறுப்பு பார்க்கிறேன். தரையில் அடிக்கும் கோப்பை, கிழித்து எறியும் விவாகரத்துப் பத்திரம், கோடீஸ்வரன் முகத்தில் விட்டெறியும் செக், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். வெளிவட்டச் சாலையில் வியாபாரம் படுத்து மூடிப்போன ஒரு பெரிய மால்தான் எங்கள் ஸ்டூடியோ. மூன்றாம் மாடியில் ஆஸ்பத்திரி, சுவரைத் தாண்டினால் கோடீஸ்வரன் வீட்டு ஹால், அடுத்தது நீதிமன்றம், கழிப்பறைக்குப் போகிற வழியில் அஞ்சலி மண்டபம். எண்பது பாகத்தை ஆறே நாளில் எடுத்து முடிப்போம். பாகம் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். அது முடியும்போது பார்ப்பவர் தொண்டையில் ஒரு கொக்கியை மாட்டிவிட வேண்டும். பதினோரு பாகம் இலவசம், பன்னிரண்டிலிருந்து காசு. அதனால் பதினொன்றின் கொக்கி மற்ற எல்லாவற்றையும்விடக் கூராக இருந்தாக வேண்டும்.

அம்மா ஷுசாங்கில் அண்ணன் வீட்டில் இருந்தாள். பெயர் யாவ் குயிஃபென், வயது ஐம்பத்தொன்பது. நூற்பாலையில் இருபத்தாறு வருடம் நின்றதில் காது மந்தமாகிவிட்டது, அதனால் போன் எப்போதும் உச்சத்தில் அலறும். தொடர் மட்டுமில்லை, தொடர் எடுப்பதைக் காட்டும் வீடியோக்களையும் ஒன்று விடாமல் பார்ப்பாள். எந்த நடிகைக்கு நிஜமாகவே அறை விழுந்தது, யார் முட்டிக்கு அடியில் மெத்தை இருந்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வசந்தத்தில் அவள் பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆரம்பக் கட்டம்தான், வெட்டி எடுத்துவிட்டால் இருபது வருடம் இருப்பார் என்றார் டாக்டர். ஏப்ரல் பதினேழு என்று நாள் குறித்தார்கள்.

"அதுக்கு முந்தி என்னை எதுலயாவது போட்டுடு லிங்," என்றாள் அம்மா. எப்போதும் போல அதிகாரமாகக் கேட்கவில்லை. குரல் இறங்கிவிட்டிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"பணக்கார வீட்டுச் சுவத்துல மாட்டற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எங்கயாவது மாட்டறேன்."

மறுநாளே அனுப்பிவிட்டாள். முடியைச் சுருள வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு சூன்லான் சித்தியின் ஜாக்கெட், காலரில் தாமரை வேலைப்பாடு. அம்மாவுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கேமராவைக் கண்டால் கை தானாக வாய்க்குப் போய்விடும். வீட்டில் இருக்கிற அத்தனை படத்திலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறாள். இந்த ஒன்றில் மட்டும் கையை மடியில் வைத்து, உதட்டை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழகாக இருந்தாள் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மார்ச் இருபத்தேழு, படப்பிடிப்பின் மூன்றாம் நாள். கதாநாயகியின் செத்துப்போன அம்மாவுக்கு அஞ்சலி. படத்துக்கு முகம் தருவதாகச் சொல்லியிருந்த நடிகை, மாமியார் வீட்டில் ஒப்பவில்லை என்று காலையில் கையை விரித்துவிட்டாள். சாகிற வேடத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள், சாவுப் படத்துக்கு முகம் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். கம்ப்யூட்டரில் செய்த முகம் கூடாதென்று தொடரை வெளியிடும் ஆப்காரர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

"லிங் அக்கா," என்றார் இயக்குநர் ரான். வயது இருபத்தாறு, தூங்கி நான்கு மாதம் ஆன முகம். "இருபது நிமிஷத்துல எனக்கு ஒரு செத்த அம்மா வேணும்."

போனைத் திறந்து படத்தைக் காட்டினேன். "பின்னாடி மங்கலாத்தானே தெரியும்?"

"மங்கலோ மங்கல். புகை வேற விடறோம். பெத்த பொண்ணுக்கே அடையாளம் தெரியாது."

கறுப்பு வெள்ளையாக்கி, அச்செடுத்து, சட்டம் போட்டு, மேலே கறுப்புத் துணியும் கட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கை பழகிய வேலை.

எங்கள் தொழிலில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர் முகத்தைச் சாவுப் படமாக வைத்தால், அன்றைக்கே அவர் கையில் ஒரு சிவப்பு உறை கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டு நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். காட்சி முடிந்ததும் படத்தை வெட்டி எரித்துவிட வேண்டும். உள்ளே எவ்வளவு இருந்தாலும் சரி, அன்றைக்கே கைமாற வேண்டும் என்பதுதான் முக்கியம். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை.

தயாரிப்பு பார்க்கிற ஃபெங் அக்கா உறையை நீட்டினாள். "யாரு இவங்க?"

"சொந்தக்காரங்க."

"இன்னைக்கே குடுத்துடு. சிரிக்கறதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு."

சரி என்று வாங்கி, சாமான் பெட்டியில் ஒட்டுநாடாக்களுக்கு அடியில் சொருகினேன். கொடுக்க வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவளிடம், உனக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் ஏதாவது பழத்தோடு சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒத்திகை பார்த்த ரான் தலையைச் சொறிந்தார். "பதினொண்ணுல கொக்கி இல்லையே. வில்லி அறையறா, சரி. ஒன்பதுலயும் அறையறா, பத்துலயும் அறையறா." அவர் கண் படம் இருந்த மேஜைப் பக்கம் போனது. "அந்தப் போட்டோவை எடுத்துத் தரையில அடி. அப்புறம் ஹீல்ஸால முகத்தை மிதி. கேமராவைத் தரையில வைங்க."

"டைரக்டர், அது நிஜ ஆளு," என்றேன். "உயிரோட இருக்காங்க."

"நாமளுந்தான் உயிரோட இருக்கோம். மூணு காப்பி ரெடி பண்ணுங்கக்கா."

என் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் ஃபெங் அக்கா உறையைப் பற்றிக் கேட்பாள், நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெட்கம் என் வாயை அடைத்துவிட்டது. இன்றைக்கு வரைக்கும் அந்த வாயை என்னால் மன்னிக்க முடியவில்லை. போய் மூன்று பிரதி எடுத்தேன். சர்க்கரைப் பாகில் வார்த்த போலிக் கண்ணாடியை மூன்று சட்டத்திலும் பொருத்தினேன்.

முதல் தடவை ஹீல்ஸ் சட்டத்தின் விளிம்பில் விழுந்தது. இரண்டாம் தடவை வில்லிப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் சரியாக இடது கண் மேல் இறக்கி, ஒரு திருகு திருகினாள். மானிட்டரில் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அம்மாதான் இருந்தாள், வேறு எதற்கும் அங்கே இடமில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது ஆஸ்பத்திரிக் காட்சி, படங்களை எரிக்க நேரமில்லை. மூன்று அம்மாவையும் கூட்டி அள்ளிக் குப்பைச் சாக்கில் போட்டேன்.

படப்பிடிப்பு முடிந்த மறுநாள் ஃபெங் அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லி, அந்தத் துண்டை வெட்டச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என் மூஞ்சியைக் குடுத்திருப்பேனேடி! இப்ப ஆப்காரங்க பார்த்து ஓகே சொல்லியாச்சு. விளம்பரத்துக்கே அந்தத் துண்டைத்தான் எடுத்திருக்காங்க." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "உறையைக் குடுத்தேல்ல?"

"குடுத்துட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"அப்ப ஒண்ணும் ஆகாது, போ."

தொடர் ஏப்ரல் ஒன்பதாம் தேதி வெளியானது. நான் எட்டாம் தேதியே ஷுசாங் போய் அம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டர் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் என்றேன்.

"வயித்துல ஆபரேஷனுக்குக் கண்ணுக்கு என்னடி ஓய்வு?"

முணுமுணுத்தாலும் கொடுத்துவிட்டாள். எட்டு நாள்தானே, தள்ளிவிடலாம் என்று நம்பினேன். இரண்டு நாள் அவளைவிட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் காலை மிளகுச் சூப் வாங்கத் தெருமுனை வரைக்கும் போனேன். திரும்பி வரும்போது வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடி நொறுங்கும் சத்தம், அதன் மேல் ஹீல்ஸ் திருகும் சத்தம். நான் வார்த்த கண்ணாடி, எனக்குத் தெரியாதா?

சூன்லான் சித்தி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது தாமரைக் காலர் கண்ணில் பட்டிருக்கிறது. "குயிஃபென் அக்கா, நீ நாடகத்துல வந்துட்டே, என் ஜாக்கெட்டும் வந்துடுச்சு!" என்று, மேற்கொண்டு பார்க்காமல் சந்தோஷத்தில் ஓடிவந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் மிச்சத்தைப் பார்த்தார்கள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து போனை இரு கையாலும் பிடித்திருந்தாள். விளம்பரத் துண்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. வில்லி மறுபடியும் மிதித்தாள். சித்தி வாயில் கையை வைத்தபடி சுவரோடு ஒண்டி நின்றாள்.

அம்மா திட்டுவாள், அறைவாள் என்று நின்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உறை எங்கடி?"

"என்ன உறைம்மா?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எத்தனை வீடியோ பார்த்திருக்கேன். கையில குடுத்து சிரிக்க வைப்பாங்களே, அது எங்க?"

அடுத்த ரயிலைப் பிடித்து ஜெங்ஜோவ் போய், பெட்டியைக் கவிழ்த்து உறையை எடுத்து, மாலைக்குள் திரும்பினேன். "இந்தாம்மா. வாங்கிட்டு ஒரு தடவை சிரி," என்று நீட்டினேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னைக்கு எடுத்தாங்க?"

"மார்ச் இருபத்தேழு."

"இன்னைக்கு ஏப்ரல் பதினொண்ணு." விரல் விட்டு எண்ணினாள். "பதினஞ்சு நாளா நான் செத்தவளா இருந்திருக்கேன். எனக்கே தெரியல பாரு."

"அம்மா, சும்மா ஒரு தடவை."

முயற்சி செய்தாள், எனக்காக. கை தானாக வாய்க்குப் போனது. சத்தம் வரவில்லை. உறையை மேஜை மேல் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றாள். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்கவே மாட்டேன், பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றாள். அண்ணன் கத்தினான், பிறகு அழுதான், பிறகு என்னைப் பார்த்துக் கத்தினான். டாக்டர் போனில் அரைமணி நேரம் பேசினார். சூன்லான் சித்தி ஜாக்கெட்டைக் கொண்டுவந்து அடுப்பில் போட்டு எரித்தாள். எத்தனையோ நடிகைகள் மண்டியிடுவதற்கு நான் மெத்தை வைத்திருக்கிறேன். ஏப்ரல் பதினேழு காலையில் சிமென்ட் தரையில் அம்மா முன்னால் மண்டியிட்டேன்.

"எந்திரி," என்றாள். "நாடகம் ஆடாதே."

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் பருவமும் எடுப்பதாகப் பேச்சு வந்தது. அம்மாவும் காசு கட்டிப் பன்னிரண்டிலிருந்து எண்பது வரைக்கும் பார்த்தாள். முடித்த அன்று என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு ஜெயிச்சுட்டா. அம்மாக்காரி திரும்பி வரலையே? உங்க நாடகத்துலதான் செத்தவங்க எல்லாம் எந்திரிச்சு வருவாங்களே."

போனை வைத்துவிட்டு நேராக ரானிடம் ஓடினேன். இரண்டாம் பருவத்தின் முதல் பாகத்திலேயே அந்த அம்மா உயிரோடு கதவைத் திறந்துகொண்டு வரட்டும், என் அம்மாவே வந்து நடிப்பாள் என்றேன். அவருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். முகம் வெளுத்துப்போய், "எழுதிடறேன் அக்கா, கண்டிப்பா எழுதிடறேன்," என்றார். எழுதவும் செய்தார். "நான் சாகலை," என்று ஒரு வசனம்.

அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். பல மாதம் கழித்து முதல் தடவையாக எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாள். "அதை எல்லாரும் பார்த்துட்டாங்கன்னா ஆஸ்பத்திரிக்கு வரேன்," என்றாள். "சத்தியமா வரேன்." பல்லைக் கட்டவும் தயாரானாள்.

ஆகஸ்டில் எடுப்பதாக இருந்தது. செப்டம்பருக்குத் தள்ளினார்கள். பிறகு நவம்பர் என்றார்கள். அதற்குள் பார்ப்பவர்களுக்கு அரண்மனைக் கதை பிடித்துப்போனது. கோடீஸ்வரன் வீட்டு ஹாலை உடைத்து மகாராணியின் அறை கட்டினார்கள். இரண்டாம் பருவம் அப்படியே கைவிடப்பட்டது. நாங்களே நாலு பேர் சேர்ந்து ஒரு போனில் எடுத்துவிடலாம் என்றார் ரான். அம்மாவிடம் சொன்னேன். ஆப்பில் வருமா, சூன்லான் பார்ப்பாளா என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். அதுவரைக்கும் அத்தனை பொய் சொன்னவள் அன்றைக்குப் போய் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப வேணாம்," என்றாள்.

ஜனவரியில் குடல் அடைத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஈரலுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். மார்ச் மாதம் ஒரு பிற்பகலில், போன் தலைமாட்டில் ஏதோ ஒரு தொடரை அலறிக்கொண்டிருக்கையில் அம்மா போனாள். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அஞ்சலிக்குப் படம் வேண்டுமே. அண்ணன் பெட்டிகளை எல்லாம் கொட்டித் தேடினான். எல்லாவற்றிலும் கை வாயை மறைத்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், யாரோ போல இருந்தாள்.

"அதை எடு," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"அண்ணா, வேணாம்."

"வேற எது இருக்கு? நீயே சொல்லு, வேற எது இருக்கு?"

என் போனில் அது தயாராகவே இருந்தது, கறுப்பு வெள்ளையில், சட்டத்தின் அளவுக்குச் சரியாக வெட்டப்பட்டு. அச்செடுத்தேன். இந்த முறை ஒரே பிரதி, நிஜக் கண்ணாடி. கறுப்புத் துணியைக் கட்டுவதற்குப் பத்து நிமிடம் போதவில்லை. முடிச்சுப் போட வராமல் வெகுநேரம் அதையே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு உறையை, பிரிக்காமலே, அவள் தலையணைக்கு அடியில் வைத்து அனுப்பினோம்.

நூற்பாலைக்காரர்கள் வரிசையாக வந்து மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். படத்துக்குப் பக்கத்தில் நான் நின்றேன். யாரோ ஒருவரின் மருமகள், எனக்குத் தெரியாதவள், குனிந்து நிமிர்ந்தவள் படத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. இது அந்த நாடகத்துல மிதிப்பாங்களே, அந்த அம்மாதானே? அவங்க அப்ப உயிரோடவா இருந்தாங்க?"

"இருந்தாங்க," என்றேன். "எடுக்கும்போது உயிரோடதான் இருந்தாங்க."

அவள் ஐயோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தவர் குனிந்தார்.